நோட்டின் கடைசிப் பக்கங்கள்

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டரைக் கேட்டுவிட்டே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன மாதம் போனில் அப்பாவுக்கு லேசான இருமல் என்றேன் அல்லவா, அது லேசான இருமல் இல்லை. பதறாதே, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, எதிரே உட்கார்ந்து நல்லா ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்.

நான் கொடுத்த சிறுநீரகம் அவருக்குள் சமர்த்தாக வேலை செய்கிறது, அவர்தான் சமர்த்தில்லை. உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அது எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நானும் காலை மாலை தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதிவந்தேன். இருமல் தொடங்கிப் பதினெட்டு நாளும் காய்ச்சலே இல்லை, எனக்கு ஒரே பெருமை. மாதப் பரிசோதனைக்குப் போனபோது இருமலைச் சொன்னேன், எக்ஸ்ரேயும் சுத்தமாக வந்தது. அப்பாவோ கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல டாக்டர், ஜம்முனு இருக்கேன்" என்றார்.

இருமலுக்காக எங்களை அனுப்பிவைத்த நுரையீரல் டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், நோட்டைக் கேட்டு வாங்கினார். முன்பக்கம் காய்ச்சல் அளவு, கடைசிப் பக்கங்களில் உன் அப்பா மேல் நான் எழுதிவைக்கும் புகார்கள். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. "மேல் ஜன்னலைச் சாத்தச் சொல்லி மூன்று நாள், அசையவில்லை." "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிய மனுஷன், நம் படியில் பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறார், நேற்றும் இன்றும்." "குளிக்கும்போது பாட்டு இல்லை, அப்பாடா." சிரித்துக்கொண்டே படித்தவர் அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தி, "பாட்டு எப்பம்மா நின்னுச்சு?" என்றார். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உடனே அப்பா விரலில் கிளிப்பை மாட்டி வராந்தாவில் நடக்க வைத்தார். உட்கார்ந்திருந்தபோது தொண்ணூற்றாறு காட்டிய ஆக்ஸிஜன் நாலாவது கதவைத் தாண்டுவதற்குள் எண்பத்தெட்டு. தொண்ணூறுக்குக் கீழே இறங்கக்கூடாதாம்; ஜன்னலும் படியும் பாட்டும் மூச்சு போதாமல்தான் நின்றிருக்கின்றன. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே நெஞ்சில் தொற்று ஏறுமாம், எக்ஸ்ரேக்கும் டிமிக்கி கொடுக்குமாம். அன்றே ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்க நுரையீரலும் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. ஆனால் எந்தக் கிருமி என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க டாக்டருக்கு மனமில்லை, சில மருந்து சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடுமாம். மறுநாள் மூக்கு வழியாக நுரையீரல் வரை மெல்லிய குழாய் விட்டு, உப்புநீரை ஊற்றி உறிஞ்சி எடுத்து லேபில் பார்த்தார்கள். ஒரு பூஞ்சையாம். உன்னையும் என்னையும் ஒன்றும் செய்யாது, அவரைப் போன்றவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். மூன்று வாரம் மருந்து, முடிந்துவிட்டது. சிறுநீரகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மூச்சு வாங்கியதை ஏன் மறைத்தீர்கள் என்று வார்டிலேயே கத்திவிட்டேன், பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் போய்விட்டார். "சொன்னா அந்த மாத்திரையக் குறைப்பாங்க, நீ குடுத்தது வீணாயிடும்னு பயந்தேன்" என்றார். கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க இருக்கணும்னுதானே குடுத்தேன், அதைக் காப்பாத்த நீங்க போயிட்டா நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லீவில் வரும்போது துளி சளி இருந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடு, அப்பாவைக் கட்டிப்பிடிக்க விடமாட்டேன். இத்தனையும் நடந்தபோது நீ அலறியடித்து ஓடிவருவாய் என்று நானும் உன்னிடம் மறைத்தேன், அவரைத் திட்டிய வாயால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். இனி மறைக்கமாட்டேன். நீயும் போன் எடுத்ததும் "சூப்பரா இருக்கேம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடாதே. நல்லதை மட்டும் சொல்வதற்கு அம்மா எதற்கு?

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா