ஜெனிட்டாவின் மீன் குழம்பு

என்னவருக்கு,

போனில் பேசினால் கூடவே இருக்கும் மகள் காதில் விழும். அதனால் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து இதை எழுதுகிறேன்.

புற்றுநோய் வந்த பித்தக்குழாயோடு கல்லீரலில் பாதியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள் அல்லவா, "மிச்ச ஈரல் தானா வளந்துக்கும்மா" என்றார் டாக்டர். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. உடம்பு அரிப்பும் நின்றுவிட்டது.

நேற்று மகள் உங்கள் போட்டோவைக் காட்டினாள். இஸ்திரி போட்ட சட்டை, பூரித்த கன்னம்! "பக்கத்து வீட்டு ஜெனிட்டா ஆன்ட்டிதான் சாப்பாடு குடுக்கறாங்களாம். அந்த மாதிரி மீன் குழம்பு சாப்பிட்டதே இல்லன்னு அப்பா சொன்னாரு" என்றாள். தையல் போட்ட இடமெல்லாம் எனக்கு எரிந்தது. இத்தனை வருஷம் நான் வைத்தது என்ன குழம்பாம்?

உங்களுக்குத் தெரியாது. நம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து இங்கே கிளம்பிய அன்று, புருஷனை இழந்த ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வரலன்னா இவர நீயே கட்டிக்கோ" என்றேன். "இன்னாக்கா பேச்சு இது" என்று அழுதாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாகப் போகிறோம் என்று நினைத்ததால் அவ்வளவு தாராளம் வந்தது. இப்போது பிழைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொடுத்ததை அக்கா திருப்பிக் கேட்கிறாள் என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னமும் உங்கள் மனைவியாக இருப்பவள்