சர்வருக்கு ஒரே நிர்வாகி

மார்ச் 4
எங்கள் பார்சல் அலுவலக லினக்ஸ் சர்வரில் யார்தான் நிர்வாகி இல்லை? லாரி ஓட்டுநருக்குக்கூட எதையும் அழிக்கிற ரூட் அதிகாரம். கணக்காளர் அக்கா பாஸ்வேர்டைத் திரையிலேயே ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று எழுதியிருக்கிறார். பலத்த பாதுகாப்பு.

மார்ச் 6
எல்லோருடைய அதிகாரத்தையும் பிடுங்கிவிட்டேன். இனி நிர்வாகி நான் ஒருவன்தான். பாஸ்வேர்டு போதாது, என் கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும்.
“நீங்க இல்லாதப்ப ஏதாவது ஆச்சுன்னா தம்பி?” என்றார் அக்கா.
நான் எங்கே போய்விடப் போகிறேன்?

மார்ச் 9
மனைவிக்கு இனி எந்த நேரமும் வலி வரலாமாம். பிரசவ அறையில் கூடவே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கணவனை உள்ளே விடுகிற மருத்துவமனையை அலைந்து தேடியவளே அவள்தான்.
முதலாளி விடுப்புக் கொடுத்துவிட்டார். “அதிகாரத்த அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.”
திரையில் ஒட்டுகிறவரிடமா? தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

மார்ச் 12
வலி. கிளம்பிவிட்டோம்.

மார்ச் 13
சர்வரில் இடம் நிரம்பி, பார்சல் சீட்டு அச்சாகவில்லை. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அக்கா அழைத்தபோது மனைவியின் கை என் கையில்.
“பழைய ஃபைல அழிச்சா சரியாயிடும். எனக்குத்தான் அனுமதி இல்லையே தம்பி.”
ரெண்டே நிமிஷம் என்று சொல்லித் தாழ்வாரத்துக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். பதற்றத்தில் எண்ணைத் தப்பாக அடித்தேன். மறுபடியும் தப்பு. மறுபடியும். இத்தனை முறை தப்பாக அடித்தால் யாராக இருந்தாலும் சற்று நேரம் வெளியே நிற்க வேண்டும் என்று விதி வைத்த புண்ணியவான் நான்தான். நின்றேன். உள்ளே குழந்தை அழுதது.
ச்சே, என்ன மனுஷன்டா நீ?
உள்ளே ஓடினேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளிடம் சொன்னாள்: “இவருதான் உங்கப்பா. இவரு அனுமதி இல்லாம ஆபீஸ்ல எதுவும் நடக்காதாம். நீதான் கேக்காமலே வந்துட்ட.”
சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 14
அக்காவுக்கு முழு அதிகாரம் கொடுத்தாயிற்று. எண்ணும் இனி அவர் கைப்பேசிக்கே போகும்.

மார்ச் 19
அலுவலகத்திலிருந்து அழைப்பு. மடிக்கணினியைத் தேடி ஓடினேன்.
“காலையில சர்வர் படுத்துடுச்சு தம்பி, நானே எழுப்பிட்டேன். பாப்பா நல்லாத் தூங்குறாளான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”
நான் இல்லாமலே எல்லாம் ஓடுகிறது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, மறைப்பானேன்.
மனைவி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். என்னை நம்பி மகளைத் தனியாக விட்டுவிட்டுப் போவது இதுதான் முதல் முறை.