ஐலீனுக்கு ஒரு ஸ்டேக்

எடிசன், நியூஜெர்சி. 1986.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஈரப்பனி. கராஜ் கதவு மறுபடி மக்கர். வாங்க வேண்டியது: பால், பச்சை மிளகாய், பல்பு. நெய் காய்ச்ச வெண்ணெய்.

சாயந்திரம் பக்கத்து வீட்டுக்கு ரவைக் கஞ்சி. ஐலீன் நீல ஸ்கார்ஃபைத் தலையில் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். "ரொம்ப நன்றாக இருக்கிறது ராஜி." எதைக் கொடுத்தாலும் இதே இரண்டு ஸ்பூன், இதே சர்டிபிகேட். போன வாரம் கொண்டுபோன ரசம் புளித்து வழிந்தது, என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அதற்கும் ரொம்ப நன்றாக இருக்கிறது.

வாசல் வரை வந்த அவள் புருஷன் பிராங்க் மெல்லச் சொன்னார். கீமோ ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நாக்கில் ருசியே இல்லையாம். எல்லாம் தகரத்தை நக்குகிற மாதிரி. எடை இன்னும் இறங்கினால் சிகிச்சையை நிறுத்திவிட்டு மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, "உங்கள் வாசல் விளக்கு எரியவில்லை, கவனித்தாயா?" என்றார். பாவம், அழாமல் இருக்க அவருக்கு ஏதாவது பேசியாக வேண்டும்.

பல்பு அதற்குத்தான்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். லைப்ரரியில் அரை நாள் வேலை. தலைவலி.

இன்று நேராகவே கேட்டேன். "ஐலீன், மரியாதைக்குச் சாப்பிட்டது போதும். உனக்கு என்னதான் வேண்டும்?"

அயர்லாந்தில் அவள் அம்மா செய்வதைச் சொன்னாள். அவள் அப்பா பிறந்தநாளுக்கு மட்டும்தானாம். வெண்ணெயில் பொரித்த ஸ்டேக், அதே சட்டியில் வெங்காயம், ஒரு மடக்கு விஸ்கி, கொஞ்சம் க்ரீம். பாலில் வெங்காயத்தாள் வேகவைத்து உருளைக்கிழங்கில் மசிக்க வேண்டும். நடுவில் குழி பண்ணி வெண்ணெய். பொங்கலில் நாம் நெய்க்குக் குழி பண்ணுகிறோமே, அப்படியே. சொல்லும்போது அவள் கை காற்றில் குழி பண்ணியது.

உடனே முகம் மாறி, "மன்னித்துக்கொள், மாட்டுக்கறியை உன்னிடம் போய்ச் சொல்கிறேனே" என்றாள்.

"நான் பண்ணித் தருகிறேன்." சொன்னது என் வாய்தான். எனக்கே கேட்டுத்தான் தெரிந்தது.

அவர்கள் வீட்டில் செய்ய முடியாது. பொரிக்கிற வாசனையிலேயே அவளுக்குக் குமட்டும். பிராங்குக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது.

சாப்பாட்டு மேஜையில் இவரிடம் சொன்னேன். தயிர்சாதம் பாதியில் நின்றது.

"நம்ம வீட்லயா? மாடா?"

"பின்ன, தெருவுலயா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அம்மா மதுரையில இருக்காங்க. நீங்க போன் பண்ணிச் சொன்னாத்தான் தெரியும்."

ஊறுகாயை மட்டும் தள்ளி வைத்தார். இந்த மனிதர் ஒரு விஷயத்தைச் செரிக்க ஒரு நாள் எடுப்பார்.

மார்ச் 12, புதன்

மழை. பல்பு மாட்டியாயிற்று.

ஐலீனைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை, இன்றுதான் தோன்றியது. வந்த புதிதில் எனக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்தவள். நான் அவர்கள் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தபோது, "அது ரொம்ப நாளாகக் கோணலாகத்தான் இருந்தது" என்றவள். நான் கறி, முட்டை தொடமாட்டேன் என்று தெரிந்ததும் எனக்கென்று தனியாக ஒரு கேக் தட்டு வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்தவள். அதில் வேறு எதுவும் செய்யமாட்டாள். பிராங்க் ஒருநாள் அதில் பேக்கன், பன்றிக்கறி, வைத்துவிட்டார் என்று அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி, மறுபடி சிவப்பு நூல்.

ஆபீஸிலிருந்து வந்த இவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குள் போனார். ஏதோ உருட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் பழைய கேம்பிங் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அவ நமக்குன்னு ஒரு தட்டு வெச்சிருக்காளே" என்றார், என்னைப் பார்க்காமல். "கிச்சன் வேண்டாம். இங்க பண்ணிக்கோ. சட்டி தனியா வாங்கிடு."

இவரைச் சில நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

நாள் பார்த்தல். யோசிக்காமல் வெள்ளிக்கிழமை என்றேன். பிராங்க் தயங்கினார்: ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம், வெள்ளியன்று அவர்களும் கறி சாப்பிடமாட்டார்களாம். நோயாளிக்கு விலக்கு உண்டு, ஆனால் ஐலீன் கேட்கமாட்டாள். எங்களுக்கும் வெள்ளி, அவர்களுக்கும் வெள்ளி! சனிக்கிழமை இவருக்கு ஒருபொழுது. ஆக, ஞாயிறு.

மார்ச் 14, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு கறி வாங்கப் போன முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

சூப்பர்மார்க்கெட். கறி கவுண்டர்க்காரன் எவ்வளவு தடிமன் என்று கேட்டான். அடைக்குக் காட்டுவது போல விரலால் காட்டினேன். சிரித்துவிட்டு இரண்டு மடங்காக வெட்டினான். பொட்டலத்தை வாங்கித் திரும்பினால் மிஸஸ் சுந்தரம்! மாதாந்திர பஜனையில் முதல் வரிசைக்காரி.

"ராஜி! என்ன, இந்தப் பக்கம்?"

"வெங்காயத்தாள் தேடிட்டிருக்கேன்."

"அது அந்தக் கோடியில இல்ல இருக்கு!"

பொட்டலம் முட்டைக்கோசுக்கு அடியில். சுண்டல் முறை அடுத்த மாசம் என்னுடையது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள். பார்த்தாளா, தெரியவில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

வாங்கியது: ஸ்டேக் 2, இரும்புச் சட்டி, உருளை, க்ரீம், வெங்காயத்தாள். வெண்ணெய் வீட்டில் இருக்கிறது. விஸ்கி பிராங்க் பொறுப்பு. பொட்டலம் கராஜில் ஐஸ் பெட்டிக்குள். பெட்டிமேல் ஒரு போர்வை வேறு, யார் பார்க்கப்போகிறார்களோ!

மார்ச் 16, ஞாயிறு. காலை

வெளிச்சமான நாள், குளிர்காற்று. பிராங்க் போன் பண்ணினார்: ஐலீன் நேற்று தேநீர் மட்டும். நாளை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறார்கள்.

பயமாக இருக்கிறது. நான் ருசி பார்க்காமல் சமைப்பவள். யாருக்குச் செய்தாலும் அவர்கள் இலையில் விழும் முன் நாக்கில் வைத்துப் பழக்கமில்லை. வாசனை வந்தால் கை சொல்லிவிடும். இதன் வாசனை என் கைக்குத் தெரியாதே.

அதே நாள், மாலை

எழுதாமல் தூக்கம் வராது.

உருளை குக்கரில் வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன். பழைய புடவை. ஸ்டேக்கைக் கையில் எடுத்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. ஊரில் எதிர்வீட்டில் கறியை மஞ்சள் போட்டுக் கழுவுவார்கள். நானும் கழுவினேன். இவர் வந்து பார்த்து, "ஐயையோ, என்ன ராஜி, மாப்பிள்ளைக்கு நலங்கு வெச்ச மாதிரி!" என்றார். மறுபடி கழுவித் துடைத்தோம். லேசான மஞ்சள் போகவே இல்லை.

வெண்ணெய் உருகியது. போட்டேன். சுள்ளென்று சத்தம். நான் தோசைக்காரி, திருப்பினேன், திருப்பினேன்.

"அப்படித் திருப்பிட்டே இருக்கக்கூடாது. ஒரு பக்கம் நல்லா செவந்தப்புறம் ஒரே தடவை. எடுத்து வெச்சு கொஞ்ச நேரம் சும்மா விடணும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஸ்டவ் தீயைக் கவனமாகப் பார்த்தார். "ஆபீஸ் டின்னர்ல... மத்தவங்க சாப்பிடறப்ப பாத்திருக்கேன்."

"எவ்வளவு பக்கத்துல இருந்து?"

வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். நான் விடவில்லை. "சரி, ஒரு துண்டு ருசி பாத்துச் சொல்லுங்க."

"உன் முன்னாலயா? ஆள விடு."

இத்தனை வருஷ சனிக்கிழமை ஒருபொழுதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

வெங்காயம் வதங்கியது. விஸ்கி ஊற்றியதும் பக்கென்று நெருப்பு, இவர் புல்தரைக்கே ஓடிவிட்டார். க்ரீம். ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனை. எனக்குப் பிடித்தது என்று எழுதத்தான் வேண்டும்.

உப்பு பாக்கி. உப்பு ஜாடி சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். கல்யாணமாகி வந்தபோது அம்மா கொடுத்த பீங்கான் ஜாடி. குளிக்காத கையை அதற்குள் விட்டதில்லை, கறி தொட்ட கையையா விடுவேன்? தலைக்குக் குளித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து உப்பு போட்டுக்கொள்ளலாம் என்று ஓடினேன். குளித்து, ஈரத்தலையோடு உருளையை மசித்து, வெங்காயத்தாள் பால் ஊற்றி, குழி பண்ணி, வெண்ணெய். அந்த நேரம் பிராங்க் வாசலில்: "ராஜி, அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். பசிக்கிற மாதிரி இருக்கிறதாம்!"

பசி என்ற சொல்லைக் கேட்டதும் இவர் கராஜிலிருந்து கறியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார்; மூடி எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அவர்கள் மேஜை. ஐலீன் லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். மூடியைத் திறந்தேன். சின்னதாக ஒரு துண்டு வெட்டினாள். மென்றாள். அடுத்து உருளை. மறுபடி ஸ்டேக். "ரொம்ப நன்றாக இருக்கிறது" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

ஃபோர்க்கைக் கீழே வைத்தாள்.

"ராஜி, இதில் உப்பே இல்லை."

எனக்கு முகம் எரிந்தது. நெய்க்கென்று வாங்குகிற உப்பில்லாத வெண்ணெய், உப்பில்லாத உருளை, உப்பில்லாத கறி. ஆயிரம் மன்னிப்பு வாய் வரை வந்தது. பார்த்தால் பிராங்க் நாப்கினில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது! நாக்கு சொல்லியிருக்கிறது!

ஐலீனுக்குமே அப்போதுதான். "ஓ" என்றாள். அப்புறம் பெரிய குரலில், "உப்பு! சீக்கிரம்!"

அந்த வீட்டு உப்பு டப்பா எங்கே என்று பிராங்குக்கு எங்கே தெரியும். நான் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். ஜாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன், அப்படியே, மூடியோடு. ஸ்பூன் எடுத்து வரத் தோன்றவில்லை. ஐலீன் காத்திருக்கவில்லை. கிரேவி ஒட்டிய, இப்போதுதான் நக்கிய விரல்களை நேராக ஜாடிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினாள். இவர் என்னைப் பார்த்தார். நான் ஐலீனைப் பார்த்தேன். உருளை முழுவதும் தூவினாள். கறிமேல் தூவினாள். மறுபடி கையை விட்டாள். பாதி ஸ்டேக் போயிற்று. உருளையின் குழி காலி.

நாளை எடை என்ன வருமோ, நாளைக்குத் தெரியும். நாக்கு இப்படியே இருக்குமா என்றும் தெரியாது.

ஜாடியைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உப்பை மாத்திடலாமா என்று இவர் கேட்டார். உள்ளே பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் பழுப்பாகக் கிரேவி ஒட்டியிருக்கிறது. மூடினேன்.

நாளைக்கு ரசத்துக்கு இந்த உப்புதான்.