கிளட்ச் மிதிக்கிற கால்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பொய் எழுத மனம் வரவில்லை. அப்பா நலம். நான் முக்கால் நலம், மீதிக் கால் இடது குதிகாலுக்கு மேலே கிடந்து படுத்துகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று மட்டும் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், பிறகு நாலு தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. எடுத்தால் சண்டைதான் வரும், உனக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியது போதும், இனி விட்டுவிடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். ஐந்து மாதமாக உனக்குப் போனில் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன், பாதியை மறைத்தும் இருக்கிறேன், அதனால் முழுசாகக் கேள். அன்று காலை ஷிப்ட் முடிந்து வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வெளியே வந்தால் நம் வீட்டுப் பக்கம் வரும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடினேன். பின்னாலிருந்து யாரோ கட்டையால் குதிகாலில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது, டப்பென்று சத்தம்கூடக் கேட்டது. திட்டுவதற்காகத் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இத்தனை வருஷம் ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தாளே, அந்தப் பாவம் என்று டிப்போவில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். தெருமுனை டாக்டர் வீக்கத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துச் சுளுக்கு என்றார். எலும்பு டாக்டரிடம் போ என்று நீ அன்று சாயங்காலமே சொன்னாய், நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய் என்று நான் கேட்டேன். அது என் தப்புதான், எழுதிவிட்டேன், இனிமேல் அதைச் சொல்லிக் காட்டாதே. பதினைந்து நாள் அப்பா களிம்பு தேய்த்தார், நான் நொண்டிக்கொண்டே வீட்டு வேலை எல்லாம் செய்தேன். ஒருநாள் மேல் அலமாரியில் டப்பாவை எடுக்க நுனிக்காலில் எம்பினால் வலது குதிகால் எழும்புகிறது, இடது தரையைவிட்டு அசையவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

எலும்பு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். வலது காலை அழுத்தினால் பாதம் தானாக ஆடியது. இடது காலை அழுத்தினால், எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை மாதிரி சும்மா கிடந்தது. குதிகால் தசைநார் முழுசாக அறுந்திருக்கிறது, அறுந்த இரண்டு முனையும் விலகிப் போயிருக்கின்றன, உடனே வந்திருந்தால் ஆபரேஷன் இல்லாமலே பார்த்திருக்கலாம், இனி தைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அந்தப் பதினைந்து நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தைத்தார்கள், பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுப் போட்டார்கள், அப்புறம் ஒரு முரட்டு பூட்ஸ். குதிகாலை உயர்த்திப் பிடிக்க அடியில் மூன்று ரப்பர் துண்டு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுத்தார்கள். அத்தனை நாளும் அப்பா தம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை அடுக்குகிற மாதிரி என்னைச் சோபாவில் அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர், கண்ணாடி, போன் எல்லாம் வரிசையாக இருக்கும், ஒன்றும் என் கைக்கு எட்டாது. பார்க்க வருகிறவர்கள் வலி எப்படி என்று என்னைக் கேட்டால் பதில் அவர் சொல்வார். பாவம், சமையலும் அவர்தான், குறை சொல்லக்கூடாது, ஆனால் உப்பை அளந்து போடுகிற மனுஷருக்கு அளவு எப்படித் தப்புகிறது என்று தெரியவில்லை.

பூட்ஸைக் கழற்றிய அன்று கெண்டைக்காலைப் பார்த்தேன், வலதில் பாதிதான் இருந்தது, யாருடைய காலோ மாதிரி. பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே அதட்டுகிறாள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டிப் பாதத்தை மட்டும் கீழே அழுத்தச் சொல்கிறாள், நான் காலை மொத்தமாகத் தள்ளினால், "தொடையால ஏமாத்தாதீங்க ஆன்ட்டி" என்கிறாள். தினமும் மூன்று வேளை இதே வேலை, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும், சிக்னலில் மட்டும்தான் பொறுமையாக இருந்திருக்கிறேன்.

இப்போது நீ கேட்க வேண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை டிப்போவில் எனக்குச் சோதனை வைத்தார்கள், அதை உனக்குச் சொல்லவில்லை. சோதிக்க வந்தவர் நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுவோமே, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து இப்போது அதிகாரியாகிவிட்டவர், அவர்தான். நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சீட், ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கை தானாக அதன் இடத்துக்குப் போனது. கிளட்சை ஐம்பது தடவை மிதிக்கச் சொன்னார். முப்பது வரைக்கும் தொடையால் சமாளித்தேன். அப்புறம் கால் நடுங்க ஆரம்பித்தது, முப்பத்தாறாவது தடவை பாதம் வழுக்கிக் கிளட்ச் தானாக மேலே வந்துவிட்டது. எஞ்சின் ஓடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவரும் பார்த்தார். குனிந்து காகிதத்தைத் திருப்பிக்கொண்டே, "உங்களுக்குப் போய் என்ன டெஸ்ட், ஃபிட்டுன்னு எழுதிடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் ஐந்து மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் எனக்கு ஸ்கூல் விடும் நேரத்தில் ரோட்டைக் கடக்கிற கூட்டம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "எழுதாதீங்க. ஆறு வாரம் கழிச்சு வர்றேன், அப்ப எழுதுங்க" என்றேன். அப்படியானால் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது, நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். வெளியே வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், துக்கத்தில் இல்லை, எரிச்சலில். வீட்டில் அப்பா கன்ட்ரோல் அறைக்குக் கையெழுத்துப் போடு என்று ஆரம்பித்தார், மூன்று நாளில் நீயும் ஆரம்பித்தாய். ஓட்டக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை, அன்றைக்கு அதை நானே சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் ஓட்டவே முடியாது என்று சொல்கிற வேலையை மட்டும் நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம், என்னைப் பார்த்துக்கொள்கிற ஒருவரையே தாங்கமுடியவில்லை. தேய்ந்த செருப்போடு படி ஏறி இறங்காதே, கால் வலித்தால் சுளுக்கு என்று நீயே முடிவு செய்யாதே. நேற்றுச் சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் இடது காலில் மட்டும் நின்று எம்பினேன், குதிகால் ஒரு விரல் அளவு தரையைவிட்டு எழும்பியது. ஒரே ஒரு தடவைதான், உடனே இறங்கிவிட்டது. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுப்பேன். வலி எப்படி என்று கேட்காதே, எத்தனை விரல் என்று கேள்.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும்.

ஒற்றைக்காலில் நிற்கும்
உன் அம்மா