நூற்று முப்பது கிரெய்ன்

க்ளிப்வாட்டர் பண்ணை,
ஒச்சிவரோங்கோ
28 ஏப்ரல் 1996

ரோனெலுக்கு,

இங்கே நலம். உனக்குக் கடல் காற்று நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் இந்தக் கம்பியில் ஏழு பண்ணை தொங்குகிறது. நான் வாயைத் திறந்ததும் ஆறு வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

லீசல் முடிவாகச் சொல்லிவிட்டாள். பெண் வீட்டு ஆண்கள் சுட்ட மான்தான் கல்யாணப் பந்திக்கு வர வேண்டுமாம். ஒன்று அப்பா நான், ஒன்று உன் பிரேபன். நம் விவாகரத்துக்குப் பிறகு பெண் வீட்டு ஆண்கள் இரண்டாகிவிட்டார்கள், என்ன செய்வது? மகள் கேட்டால் மறுக்கவா முடியும்?

உன் டென்மார்க்காரன் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுகிறவன். ஐம்பத்தைந்து வயதில் முதல் வேட்டை. அவனிடம் இதை மட்டும் சொல்: .30-06 துப்பாக்கி, 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு. கனமானது, உறை கெட்டியானது. என் புதரில் நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அதனால் வேகம் தேவையில்லை. குண்டு ஆழமாக உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

வெஸல்


ஸ்வாகப்மண்ட்
9 மே 1996

அன்புள்ள வெஸல்,

உன் கடிதத்தைப் பிரேபனிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. இப்போது அவர் ஒரு நோட்டுப் புத்தகமே போட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கின்றன. உப்பை எடுக்கக் கை நீட்டவே பயமாக இருக்கிறது.

180 போட்டுப் பழகியதில் தோள் நீலம் பாரித்துவிட்டது. கடைக்காரன் "130 போடுங்க சார், இதே துப்பாக்கிக்குத்தான். வேகம் ஜாஸ்தி, உதை கம்மி" என்றானாம். நேற்றுக் காபி குடிக்கும்போது, "ரோனெல், நூத்தி அறுபத்தஞ்சுன்னு ஒண்ணு நடுவுல இருக்கே, அதைப் பத்தி வெஸல் என்ன நெனக்கிறார்னு கேளேன்" என்கிறார். அவருடைய கேள்விகளை நான்கு பக்கமாக இத்துடன் வைத்திருக்கிறேன். பொறுமையாகப் பதில் எழுது.

அவரைக் கேலி செய்து அனுப்பிவிடாதே, வெஸல். லீசலுக்கு இது முக்கியம். எனக்கும்தான்.

ரோனெல்


க்ளிப்வாட்டர்
17 மே 1996

ரோனெல்,

கடவுளே, நான்கு பக்கம்! காற்று எந்தப் பக்கம் அடித்தால் குண்டு எத்தனை விரற்கடை விலகும் என்று கேட்டிருக்கிறான். என் புதரில் காற்று நுழையவே இடமில்லை.

கடைசியாகச் சொல்கிறேன். 130 குண்டு ஒரிக்ஸ் மானின் தோள் எலும்பில் பட்டால், சுவரில் அடித்த தக்காளிதான். மேலே சிதறும், உள்ளே போகாது. காயத்தோடு மான் ஓடும். அதன் பின்னால் யார் நடப்பது? நானும் எலியாஸும். இருபது வருடமாக எனக்குத் தடம் பார்க்கிறவன், அவனுக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. கேள்விகளை அவனுக்கும் படித்துக் காட்டினேன். "கப்பல்காரருக்கு இவ்ளோ சந்தேகம்னா, மானுக்கே ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுடச் சொல்லு" என்றான்.

180. நூற்று எண்பது. எழுத்திலும் எழுதிவிட்டேன். இன்னொரு முறை கிரெய்ன் என்ற சொல் இந்தப் பண்ணைக்கு வந்தால் தபால் பையோடு கொளுத்திவிடுவேன்.

இன்னொன்று. உன் கையெழுத்தில் உறை வந்தால் எனக்கு என்னவோ ஆகிவிடுகிறது. ஓடிப்போய்ப் பிரிக்கிறேன். உள்ளே அவனுடைய கேள்விகள். இது நியாயமா?

வெஸல்


ஸ்வாகப்மண்ட்
20 ஜூன் 1996

வெஸல்,

உறையைப் பிரிக்கும்போது உனக்கு என்ன ஆகிறது என்று இனி எழுதாதே. லீசல் கல்யாணம் முடிந்ததும் நானும் பிரேபனும் பதிவு செய்துகொள்ளப் போகிறோம். உனக்குத் தெரிந்ததுதான்.

அவர் ஜூலை ஐந்தாம் தேதி வருகிறார். கைவசம் இருந்த 180 பழகுவதிலேயே தீர்ந்துவிட்டது. கடையில் மறுபடி வரவில்லை, 130 பெட்டிதான் கிடைத்தது. "பரவால்ல, அங்க போய் வெஸல் கிட்ட காட்டறேன். அவர் சொல்றபடி செய்யறேன்" என்கிறார். உன் அலமாரியில் எப்போதும் 180 இருக்குமே, அதைக் கொடுத்துவிடு.

ரோனெல்


க்ளிப்வாட்டர்
7 ஜூலை 1996

ரோனெல்,

வேலை முடிந்தது. உன் ஆள் ஒரு ஒரிக்ஸ் சுட்டான். குண்டு தோளில் பட்டுச் சிதறியது. மான் ஆறு மணி நேரம் காயத்தோடு நடந்தது. பிறகுதான் முடிக்க முடிந்தது. உப்புக்கண்டத்துக்குத் தொடையும் முதுகும் தேறும், ஒரு தோள் முழுக்க வீண்.

நான் இரண்டு முறை எழுதினேன். தடியால் அடித்தா சொல்ல முடியும்? மேற்கொண்டு என்னைக் கேட்காதே.

வெஸல்


ஸ்வாகப்மண்ட்
12 ஜூலை 1996

வெஸல்,

பிரேபன் வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "தப்பு என்னோடது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

வேட்டைக்கு வரும் விருந்தாளிகளின் தோட்டாவை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்காமல் நீ யாரையும் புதருக்குள் விட்டதே கிடையாது. அதனால் கேட்கிறேன். அவர் அந்தப் பெட்டியை உன்னிடம் காட்டினாரா, இல்லையா?

ரோனெல்


க்ளிப்வாட்டர்
17 ஜூலை 1996

ரோனெல்,

காட்டினார்.

காலையில் கரையான் புற்றில் காகிதம் ஒட்டி மூன்று குண்டு சுடச் சொன்னேன். சுட்டுவிட்டுப் பெட்டியை நீட்டி, "வெஸல், இது போதுமா?" என்று கேட்டார். எலியாஸ் என் முகத்தைப் பார்த்தான். என் 180 பெட்டி இருபது அடி தள்ளி அலமாரியில் இருந்தது. நான், "காகிதத்துல நல்லாத்தானே விழுது, வாங்க போகலாம்" என்றேன்.

அவர் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்க வேண்டும், நீ ஒரு நிமிஷமாவது என்னை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று. மானை நினைக்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் மானை மறந்தது அன்றைக்குத்தான்.

குண்டு பட்ட மான் படுக்கும், எங்கள் சத்தம் கேட்டு எழுந்து போகும், மறுபடி படுக்கும். நண்பகலில் நான், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவர், "நீங்க உக்காருங்க. எலியாஸ் வந்தா போதும். அதை இப்படி விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்று முன்னால் நடந்தார். கணுக்கால் முழுக்க முள் கிழித்திருந்தது. மூன்று மணிக்கு முப்பது அடியில் நின்று அவரே முடித்தார். பிறகு திரும்பி நின்று அழுதார்.

சாயங்காலம் தோலுரிக்கும்போது எலியாஸ் கேட்டான்: "உனக்கு அந்தாள் மேல கோவம். மான் உன்னை என்ன பண்ணுச்சு?" அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

நல்ல மனிதர், ரோனெல். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் நல்ல மனிதர்.

வெஸல்


ஸ்வாகப்மண்ட்
22 ஜூலை 1996

வெஸல்,

உன் கடிதத்தைப் பிரேபனுக்குப் படித்துக் காட்டினேன். "அவரோட காடு. அவர் சரின்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். கோபம் எனக்குத்தான் வந்தது.

92ஆம் வருட வறட்சியில் நான் கன்றுகளை மேய்ச்சலுக்குக் கீழ்ப்பட்டிக்கு ஓட்டினேன். நீ வேலிக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு கன்று செத்த பிறகு, "அங்க விஷச்செடி இருக்குன்னு எனக்குத் தெரியும், நீதான் கேக்கலையே" என்றாய். நான் ஏன் போனேன் என்று நாலு வருடமாக ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். கடலுக்காகப் போகவில்லை. நீ தெரிந்தே வாயை மூடிக்கொண்டு, நான் தவறுவதை வேடிக்கை பார்த்தாய். அதனால் போனேன். இந்த முறை நீயாக ஒப்புக்கொண்டாய். நல்லது. ஆனால் இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு ஒன்பது மணிக்கே வந்துவிடு. லீசலைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப் போவது நீதான், அதில் மாற்றமில்லை. பந்தியில் உன் பக்கத்து நாற்காலி பிரேபனுக்கு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஏதாவது கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். தெரிந்ததை உடனே சொல்லிவிடு.

ரோனெல்