முன்மேசைக்கு ஒரு பெயர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பின்னேரம் இடி இருக்கும். லிஃப்ட் மறுபடி பழுது. படியிறங்கி முடிக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ். இரண்டிலும் நின்றபடி.

கிளினிக் வேலை இன்று தொடக்கம். சிறுநீரக நோயாளர் இரத்தம் சுத்திகரிக்க வரும் முறைகளைப் பதிய, ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதிக்கொடுத்த ஜாவா செயலி. அதை, கிளினிக்கை நடத்தும் அறக்கட்டளையின் ஒற்றை உள்நுழைவோடு இணைக்க வேண்டுமாம். தலைமையகத்தில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் மின்னஞ்சல், லீவு, சம்பளச் சீட்டு, நம் முறைப்பதிவு எல்லாம் திறக்கும்.

முன்மேசையில் இருக்கும் நிர்மலா கேட்டாள், இது என்ன என்று. மலையகத்து நோர்வூட் பிள்ளை, இங்கே அறையெடுத்து இருக்கிறாள். பள்ளிக்கூட உதாரணம் சொன்னேன். பிரதான வாசலில் ஒருவர் ஆளைப் பார்த்துச் சீட்டு எழுதி முத்திரை குத்துகிறார். வகுப்பு டீச்சர் திரும்ப விசாரிப்பதில்லை. முத்திரை சரியா, சீட்டிலுள்ள பெயர் தன் வரவு இடாப்பில் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்.

"அப்ப வாசல்ல நிக்கிறவரு மொறைச்சா ஒரு வகுப்புக்கும் போக ஏலாதா டீச்சர்?"

"ஓம் பிள்ளை. ஒண்டுக்கும் போகேலாது."

சிரித்தாள். நல்ல மாணவி.

ஒக்டோபர் 9, வியாழன்

தலைமையக எஞ்சினியர் ஃபலீல் காலை முழுக்க ஃபோனில். முத்திரை மாதிரியை நம் சேர்வரில் ஏற்றியாயிற்று. ஆனாலும் சீட்டை ஏற்கவில்லை.

"டீச்சர், ஒங்கட சேர்வர்ட மணி பின்னுக்கு ஈக்கு. நாங்க இப்ப எழுதின சீட்டு அதுக்கு இன்னும் எழுதாத சீட்டு!"

மணியைத் திருத்தியதும் உள்ளே விட்டது. சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினேன்.

நிலைமை:
முத்திரை – சரி
மணி – சரி
பெயர் பொருத்தம் – ஒன்று மிச்சம்
தலைமையகத்தில் ஒருவரின் கணக்கை மூடினால் இங்கும் மூடுமா – பார்க்கவில்லை

மிச்சப் பெயர் 'முன்மேசை'. அந்தக் கதிரையில் நாலு பேர் மாறி மாறி இருப்பார்கள். நாலு பேருக்கும் அந்த ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், திரை ஓரத்தில் ஒட்டிய துண்டில். நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வெளியேறி மற்றவர் நுழைய யாருக்கு நேரம்? எவருக்கும் அது பிழையாகப் படவில்லை. எனக்கும்தான்.

ஃபலீல்: "ஆளில்லாத பேர் ஏலா டீச்சர். உசிரோட ஈக்கிற ஒரு ஆள்ட பேர் வேணும்."

புதிதாகத் தொடங்கினால் முன்மேசையின் நிலுவை முறைகள் எல்லாம் சிதறும். நிர்மலா எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"என் பேரைப் போடுங்க டீச்சர். காலையில வந்து தெறக்கிறது நாந்தானே."

பக்கத்திலிருந்த ஜெகன், முன்மேசை நால்வரில் ஒருவன்: "போடுங்கோ, போடுங்கோ. அவதானே இஞ்ச முதலாளி!"

போட்டேன். மற்ற மூவருக்கும் புதுப் பெயர்.

ஒக்டோபர் 13, திங்கள்

கடவுச்சொல் துண்டைக் கிழித்துப் போட்டாயிற்று. எல்லாம் ஓடுகிறது. அவித்த கடலை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். நிர்மலா தீபாவளிக்கு ஊர் போக பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டாளாம்.

மத்தியானம் அறக்கட்டளைத் தலைவர் வந்தார். முகத்துவாரத்துத் தச்சர் ஒருவர், நம் நோயாளி, அவரைப் பற்றி. போன மாதம் அவருடைய முறை ஒன்று ரத்தாகியிருக்கிறது. அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை. வந்து, திரும்பிப் போய், பெரியாஸ்பத்திரியில் இறந்துவிட்டார். ரத்துச் செய்தது யார் என்று மகள் கேட்டு எழுதியிருக்கிறாள்.

தலைவர் திரையைத் திறந்தார்.

ரத்துச் செய்தவர்: நிர்மலா.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. செயலி பழைய பதிவுகளில் பெயரை எழுதுவதில்லை, உள்நுழைந்த கணக்கின் எண்ணை மட்டும். முன்மேசையின் எண் இப்போது நிர்மலாவின் எண். நாலு பேர் இத்தனை வருடம் செய்ததெல்லாம் இப்போது அவள் பெயரில்.

சொன்னேன். தலையாட்டினார். கேட்டதாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

தலைவரை உட்கார வைத்துக் காட்டினேன். நிர்மலா வேலைக்குச் சேருவதற்கு முந்திய பதிவுகள். அவற்றிலும் நிர்மலா.

"பாருங்கோ. இந்த நேரம் இந்தப் பிள்ளை நோர்வூட்டில பள்ளிக்கூடத்தில ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தவ. அங்கயிருந்தே இஞ்ச முறை போட்டவவோ?"

"பழசு பிழையா இருக்கலாம் டீச்சர். தச்சற்ற முறை ரத்தான நாள் அவ வேலையில இருந்தவதானே?"

"நாலு பேரும் இருந்தவை."

"மற்ற மூண்டு பேரும் தாங்கள் இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டினம்."

"நிர்மலா?"

"ஞாபகம் இல்லையாம்."

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னாய்?

"அன்னிக்கு யாரு கதிரையில இருந்தோம்னு நெசமா தெரியல டீச்சர். நானாவும் இருக்கலாம். தெரியாதத எப்படி இல்லன்னு எழுதுறது?"

ஜெகன் என்னைக் கண்டதும் தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போய்விட்டான்.

வீட்டில் காஸ் முடிந்துவிட்டது. பாணும் பருப்பும்.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை. செயலியைத் திருத்தினேன். பழைய பதிவுகளில் இனி 'முன்மேசை, பொது' என்று வரும். அதுதான் உண்மை. காரணத்தை எழுதித் தலைவருக்கும் அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் அழைப்பு.

"டீச்சர், விசாரணை நடக்கேக்க பதிவில கை வைச்சிட்டீங்கள். வெளியில என்ன சொல்லுவினம்? பழையபடி போடுங்கோ."

"பழையபடி எண்டால் முன்மேசைதான் ஐயா."

"நான் திங்கக்கிழமை பார்த்தமாதிரி."

மறுத்தேன். ஃபலீலிடம் சொல்லி மாற்றிவிட்டார்கள். பின்னேரம் பார்க்கிறேன், நிர்மலா, நிர்மலா, நிர்மலா. ஒரு பக்கம் முழுக்க.

அந்த மகளைப் பற்றியும் நினைக்கிறேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. இருப்பது ஒரு பெயர் மட்டும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். நிர்மலா அம்மாவுக்கு வாங்கிய சாரியை மேசையில் விரித்துக் காட்டினாள். கத்தரிப்பூ நிறம். வாங்கில் உட்கார்ந்திருந்த நோயாளிப் பெண்கள் கரையைத் தடவிப் பார்த்தார்கள்.

பின்னறையில் நான். ஃபலீல் அழைத்தான்.

"டீச்சர், நிர்மலாட கணக்க மூடச் செல்லி வந்தீக்கு. இப்பவே. கடிதம் தீபாவளி முடிஞ்சுதான் போகுமாம்."

"அவ இப்ப மேசையில இருக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

"நான் செய்யாட்டி இன்னொருத்தன் செய்வான் டீச்சர். அந்தக் கடைசி டெஸ்ட் நாங்க செய்யேல்லயே. ஒங்கட பக்கமும் மூடுதான்னு பார்த்துச் செல்லணுமாம்."

"பொறு தம்பி. நான் போய் அவவுக்குச் சொல்லிப்போட்டு…"

ஃபோனைக் கையில் பிடித்தபடியே முன்னுக்குப் போனேன். முழங்கால் விடவில்லை.

அவள் திரையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ வெளிய தள்ளிருச்சு டீச்சர். மெயிலும் தெறக்குதில்ல. லீவு போட்டதும் காணல. நீங்க ஒருக்கா பாருங்க."

எழும்பி, கதிரையை எனக்காக இழுத்து வைத்தாள். உட்கார்ந்தேன். சாரி இன்னும் மேசையில்.

"டீச்சர்? மூடிச்சா?" ஃபோனில் ஃபலீல்.

"ஓம்" என்றேன்.