விமானம் மோதியது உங்கள் கையால் இல்லை

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

நேற்று கம்ப்யூட்டர் விளையாட்டில் நீங்கள் இறக்கிய விமானம் மறுபடி ஓடுபாதையில் மோதியதும், "பக்கவாதத்துல போன கை திரும்பாதும்மா, கைப் பயிற்சிக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றீர்கள். நானும் கோபத்தில் "உங்க இஷ்டம்" என்றுவிட்டேன்.

காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்தேன். விமானம் உயரத்தில் பறக்கும்போது அது வானத்தை மட்டும் வரைந்தால் போதும். இறங்க இறங்க ஒவ்வொரு வீட்டையும் மரநிழலையும் வரைய வேண்டும். பழைய பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது. உங்கள் கை நேரத்துக்குத்தான் திருப்புகிறது, படம்தான் பிந்துகிறது. விசிறித் தூசியைத் துடைத்து, நிழல்களை நிறுத்தி, கட்டடங்களைக் குறைத்திருக்கிறேன். இனி திக்காது.

பயிற்சிக்காரர் நாலு மணிக்கு வருவார். அவரை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறங்கள்.

பி.கு.: சரிசெய்யும் முன் நானும் மூன்று முறை இறக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் மோதினேன். என் கை நன்றாகத்தானே இருக்கிறது, அப்பா.